சத்துப் பவுடர் டப்பா வாங்குவதற்கு முன்: நீண்ட தூரம் ஓடுபவர்களும் சைக்கிள் மிதிப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

கடலூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சில்வர் பீச்சிலிருந்து கிளம்பி ஓடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வருவதால், மார்கழி பிறந்ததுமே கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஓடுபவர்கள், 200 கி.மீ. சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றையேதான்: உடம்பு சீக்கிரம் தேற எதை வாங்கிச் சாப்பிடலாம்? தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு 21 கி.மீ. ஓடினேன். செவ்வாய் வரை மாடிப்படி இறங்க முடியவில்லை. லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டதா? அதைக் கரைக்கப் பவுடர் உண்டா?

லாக்டிக் ஆசிட் இல்லை. ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே பழைய அளவுக்கு இறங்கிவிடும். செவ்வாய்க்கிழமை வலிக்கு அது எப்படிக் காரணமாகும்?

வலிப்பது தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்களாலும், அவற்றைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சியாலும்தான். நீளும்போதே இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் தசைக்குத்தான் சேதம் அதிகம். கேப்பர் மலைச் சரிவில் இறங்கி ஓடிப் பாருங்கள்: ஏறியதைவிட இறங்கியதுதான் மறுநாள் முன்தொடையைப் பிடிக்கும். மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை என்பதும் இதனால்தான். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறையும். கிழிந்ததைத் தைக்க உடம்புக்குத் தேவை புரதம், மாவுச்சத்து, தண்ணீர், தூக்கம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கடுமையான வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். எந்தப் பவுடரையும் தேடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஓடி முடித்ததும் என்ன சாப்பிட வேண்டும்?

டப்பா கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘ஓடி முடித்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?’ என்றுதான். பெரும்பாலும் ஒரே மாதிரி பதில் வரும். காலை 4:30க்கு எழுந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, 15 கி.மீ. ஓட்டம். 7 மணிக்கு டீக்கடையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். வீட்டுக்கு வந்து குளித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்கு ஓடி, 10:30க்கு இரண்டு இட்லி. மூன்றரை மணி நேரம் தசையைப் பட்டினி போட்டுவிட்டு, தேறவில்லையே என்று கவலைப்படுகிறோம்.

ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள், உங்கள் எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம் மாவுச்சத்தும், 0.3 கிராம் வீதம் புரதமும் உள்ளே போகட்டும். 60 கிலோ எடை என்றால் 60 கிராம் மாவுச்சத்து, 18 முதல் 20 கிராம் புரதம். இரண்டு பெரிய வாழைப்பழம், ஒரு பெரிய டம்ளர் பால், இரண்டு அவித்த முட்டை என்றால் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் ராகிக் கூழில் பால் ஊற்றிக்கொண்டு, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் எடுத்துக்கொள்ளலாம்.

என் வீட்டில் ஞாயிறு என்றால் பழைய சோறுதான். மாவுச்சத்து, தண்ணீர், உப்பு மூன்றும் அதில் உண்டு, வயிற்றுக்கும் இதம். புரதம்தான் குறைவு. கெட்டித் தயிரைக் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் (30 கிராமில் சுமார் 7 கிராம் புரதம்) ஒரு ஆம்லெட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்தது. கருவாடு இருந்தால் இன்னும் நல்லது, வியர்வையில் போன உப்பும் திரும்பிவிடும்.

அன்று மாலையே மறுபடி பயிற்சி இருப்பவர்களுக்கு இந்த நேரக்கணக்கு மிக முக்கியம். அடுத்த ஓட்டம் இரண்டு நாள் கழித்துத்தான் என்றால், அரை மணி முன்னே பின்னே ஆனாலும் குடி முழுகிவிடாது. நாள் முழுவதும் சாப்பிடும் மொத்த அளவுதான் அப்போது பெரிது.

அப்படியானால் புரோட்டீன் பவுடர் தேவையே இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடல் உழைப்பு அதிகமில்லாதவருக்கு ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். நீண்ட தூரம் ஓடுபவருக்கு இது போதாது. 1.4 முதல் 1.8 வரை வேண்டும். 1.6 என்று எடுத்துக்கொண்டால், 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 96 கிராம்.

நம் வீடுகளில் ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும் 11 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 20 கிராம் வந்தால் அதிகம். சாயங்காலம் டீ, பிஸ்கட் 3 கிராம். இரவு மூன்று தோசை, சட்னி 12 கிராம். மொத்தம் 46. தேவையில் பாதிகூட இல்லை. குறை நிஜம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

அதே நாளில் இரண்டு முட்டை (12 கிராம்), 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல் (10 கிராம்), இரண்டு டம்ளர் பால் (13 கிராம்), குழம்பில் 100 கிராம் மீன் (20 கிராம்) என்று சேர்த்துப் பாருங்கள். 55 கிராம் கூடி, நாள் கணக்கு 100ஐத் தொட்டுவிடும். முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை மலிவு, ஒமேகா-3 கொழுப்பும் நிறைய. வஞ்சிரம்தான் வேண்டும் என்று இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், அப்போது முட்டையையும் சுண்டலையும் கூட்டிக்கொள்ளுங்கள். சைவக்காரர்களுக்கு மீல்மேக்கர் பெரிய கைகொடுப்பு: உலர்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம்.

இத்தனைக்குப் பிறகும் எட்டவில்லை, காலையில் சமைக்க ஆளில்லை, ஷிஃப்ட் வேலை, பயணம் என்றால் ஒரு கரண்டி வே புரோட்டீன் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. அது பாலிலிருந்து பிரித்த புரதம்தான், மருந்து அல்ல. விலையை மட்டும் கவனியுங்கள். ஒரு கிலோ டப்பா 3,000 ரூபாய், ஒரு கரண்டி 33 கிராம், அதில் 24 கிராம் புரதம் என்றால், ஒரு வேளைக்கு 100 ரூபாய் ஆகிறது. முட்டை 7 ரூபாய் என்று வைத்தால், அதே 24 கிராம் நான்கு முட்டையில் 28 ரூபாய்க்குக் கிடைத்துவிடும்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், சர்க்கரை நோய் நெடுநாளாக இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். யூரிக் அமிலம் அதிகமாக இருப்பவர்கள் மத்தி, நெத்திலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். நல்லதா, போலியா என்று எப்படித் தெரியும்?

சில வருடங்களுக்கு முன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன். வெந்நீரில் கலக்கியபோது கஞ்சி மாதிரி கெட்டியானது. புரதம் சூட்டில் திரியும், இப்படிக் கூழாகாது. சந்தேகப்பட்டு ஒரு ஸ்பூன் பவுடரைத் தட்டில் கரைத்து, வீட்டிலிருந்த டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விட்டேன். விட்ட இடம் அப்படியே கருநீலமாக மாறியது. சோற்றுக் கஞ்சியில் விட்டால் வருமே, அதே நிறம். லேபிளில் மாவு என்று ஒரு சொல் இல்லை.

வீட்டுச் சோதனையில் மாவுக் கலப்பு மட்டும்தான் தெரியும். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து, புரதத்தை அளக்க ஆய்வகம் பார்க்கும் நைட்ரஜன் அளவைக் கூட்டிக்காட்டி, புரதம் அதிகம் என்று கணக்குக் காட்டும் வேலை இதில் பிடிபடாது. கேரள மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், 10இல் 7 டப்பாக்களில் லேபிளில் சொன்ன அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் இருந்தது.

அதனால் பொருட்கள் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண், அந்தத் தொகுதிக்கான வெளி ஆய்வகச் சோதனை முடிவு எல்லாம் இருக்க வேண்டும். கூட மூலிகை சேர்த்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சந்தை விலையைவிடப் பாதிக்குக் கிடைத்தால் அதுவே முதல் சந்தேகம்.

புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களைத் தனியாக விற்கிறார்களே, பி.சி.ஏ.ஏ., குளூட்டமின்?

வேண்டாம். புரதம் முழுதாகச் சாப்பிடுகிறவருக்கு பி.சி.ஏ.ஏ.யால் கூடுதல் பலன் இல்லை. முட்டையிலும் பாலிலும் இருப்பதுதான் அது. குளூட்டமினால் ஆரோக்கியமான ஓட்டக்காரரின் தசை வேகமாகத் தேறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

கிரியேட்டின் ஓட்டக்காரர்களுக்கும் உதவுமா?

தசை சட்டென்று சக்தி எடுக்க உதவும் பொருள் இது. சப்ளிமென்ட்களில் நன்றாக ஆராயப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் குறுகிய நேர வெடிப்புச் சக்திக்கும் எடை தூக்குவதற்கும்தான் இதன் பலன் தெளிவாகத் தெரிகிறது. தசைக்குள் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் 1 முதல் 2 கிலோ எடை கூடலாம். 42 கி.மீ. அந்த எடையையும் சுமந்து ஓட வேண்டும் என்பதை யோசியுங்கள். வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்கிறவர், பந்தயத்துக்குச் சில மாதம் முன்பே தொடங்கி நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுத்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் 20 கிராம் வீதம் போடும் முறைக்கு அவசியமில்லை.

சிறுநீரகம் கெடும் என்ற பயம் ஆரோக்கியமானவருக்கு வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டும். எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மஞ்சள் பால் போதாதா? அமுக்கரா சூரணம்?

மஞ்சள் பால் நல்ல பானம்தான், நானும் குடிக்கிறேன். பாலில் புரதம் இருக்கிறது, தூங்கப்போகும் முன் சூடாகக் குடிப்பதே ஓர் ஆறுதல். ஆனால் தசை வலிக்கு அதை மருந்தாக எண்ண முடியாது. மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான். அரை ஸ்பூனில் 50 மில்லிகிராம்கூடத் தேறாது. ஆய்வுகளில் கொடுப்பது பல நூறு மில்லிகிராம். அதோடு குர்க்குமினை உடம்பு சரியாக உறிஞ்சாது. மிளகு சேர்க்கும் நம் வழக்கத்தில் பொருள் இருக்கிறது: மிளகிலுள்ள பைப்பரின் அந்த உறிஞ்சுதலைப் பல மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. இதை நம்பி பைப்பரின் கலந்த செறிவான மாத்திரைகளை அள்ளிப்போட்டுக்கொண்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. சமையலறை மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அமுக்கராவைப் பற்றி நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். மற்றவர்கள் சித்த மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் சொல்லும் புளிப்புச் செர்ரிச் சாறு பற்றியும் கேட்கிறீர்கள். லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரை வைத்து 2010இல் வந்த ஆய்வில், அதைக் குடித்தவர்களின் தசை வலு சீக்கிரம் திரும்பியது. இங்கே அது கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கலாம்.

வைட்டமின் சி, ஈ மாத்திரை தினமும் போடுகிறேன். நல்லதுதானே?

பயிற்சிக் காலத்தில் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது தசையில் உண்டாகும் அழுத்தம்தான், இன்னும் வலுவாக வேண்டும் என்று உடம்புக்குப் போகும் செய்தி. இந்த மாத்திரைகள் அதை அமுக்கிவிடலாம். நார்வேயில் 54 பேரில் ஒரு பகுதியினருக்கு 11 வாரம் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 235 மில்லிகிராம் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். தசைக்குள் பயிற்சியால் வர வேண்டிய மாற்றங்கள் சில அவர்களிடம் மழுங்கிப்போயின. 2014இல் வந்த முடிவு இது. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ அந்த அளவுக்குப் போகாது, தாராளமாகச் சாப்பிடலாம்.

இளநீர் போதுமா, உப்பு மாத்திரை வேண்டுமா?

நம் கடற்கரைப் புழுக்கத்தில் இது புரதத்துக்குச் சமமான விஷயம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1.2 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1.2 லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதைப்போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வரை, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே இளநீரோடு கொஞ்சம் உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். வெயில் காலத்து 30 கி.மீ. பயிற்சிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். போலத் தோன்றும் சர்க்கரைப் பானங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

ஓடுவதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால்?

கூடாது. உடம்பில் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்றைக்கு ஓட வேண்டாம்.

எல்லாம் சரியாகச் சாப்பிடுகிறேன் அக்கா, ஆனாலும் எப்போதும் அசதி. ஓட்டம் முன்னேறவே இல்லை.

இதைச் சொல்வது பெரும்பாலும் பெண்கள். பவுடர் வாங்கும் காசில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, பி12, தைராய்டு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஓடும்போது பாதம் தரையில் மோதுவதால் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைகின்றன, வியர்வையிலும் இரும்பு போகிறது. ஓட்டம் முடிந்து 3 முதல் 6 மணி நேரம் வரை உடம்பு இரும்பைச் சரியாக உள்ளே விடாது. அந்த நேரத்தில் மாத்திரையும், மேலே ஒரு டீயும் குடித்தால் பலன் எங்கே வரும்? மருத்துவர் எழுதிக்கொடுத்தால், ஓடாத நாள் காலையில் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், டீ ஒரு மணி நேரம் கழித்து. பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம், குறிப்பாக ஆண்களுக்கு.

வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறையுமா என்று ஆச்சரியப்படுகிறார்கள். நாம் ஓடுவது சூரியன் எழும் முன், அதன்பின் நாளெல்லாம் கூரைக்குள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் விடியற்காலையில் அநேகமாக இல்லை. குறைவு என்று தெரிந்தால் வாரம் ஒன்று, 60,000 அலகு என்று எழுதித் தருவார்கள். சொன்ன வாரங்களோடு நிறுத்துங்கள், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

ஆட்டுக்கால் சூப் மூட்டுக்கும் தசைக்கும் நல்லதா?

தசையைவிட, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் மூட்டுக்கும் உதவலாம். அதில் இறங்கும் ஜெலட்டினின் இன்னொரு வடிவம்தான் கொலாஜன் (தசைநாணையும் மூட்டையும் கட்டும் புரதம்) டப்பாக்களில் விற்பது. 2017இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு குடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியவர்களுக்குக் கொலாஜன் உற்பத்தி கூடியது. சூப்பில் எவ்வளவு இருக்கும் என்பது வேகவைப்பதைப் பொறுத்தது. எலுமிச்சை பிழிந்து குடியுங்கள்.

பாண்டியில் ஓட்டம் முடிந்ததும் நண்பர்களோடு பீர் குடிப்பது வழக்கம். தசைக்குக் கெடுதலா?

கெடுதல்தான். 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு நிறையக் குடித்தவர்களுக்கு, கூடவே புரதம் கொடுத்தும்கூடத் தசைப் புரத உற்பத்தி 24 சதவீதம் குறைந்தது. புரதம் இல்லாமல் மாவுச்சத்து மட்டும் கொடுத்தபோது 37 சதவீதம். தூக்கமும் கெடும். மாரத்தான் அன்றும் மறுநாளும் தவிர்த்துவிடுங்கள்.

என் மகனுக்கு 16 வயது. மாவட்ட அளவில் 3,000 மீட்டர் ஓடுகிறான். என்ன வாங்கித் தரலாம்?

மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு முட்டை, பால், கடலை மிட்டாய், பண்ருட்டி முந்திரி ஒரு கைப்பிடி, 9 மணி நேரத் தூக்கம். இந்த வயதில் டப்பா தேவையில்லை.

போட்டியில் ஓடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 13 நாடுகளிலிருந்து 634 சப்ளிமென்ட்களை வாங்கிச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், 14.8 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் சோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்புக்குள் போனதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு. பையன் தூக்கம் கெட்டு ட்யூஷனுக்கும் பயிற்சிக்கும் மாறி மாறி ஓடுகிறான் என்றால், அதை முதலில் சரிசெய்யுங்கள் அம்மா.

ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கிவிட்டேன். தூக்கிப் போடவா?

முத்திரை சரியாக இருந்து, தேதி முடியாமல் இருந்தால் பயன்படுத்துங்கள். நீண்ட ஓட்டம் இருக்கும் நாட்களில் மட்டும், ஓடி முடித்ததும் ஒரு கரண்டி, இரண்டு வாழைப்பழத்தோடு. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். கரண்டியை ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள், குவித்து அள்ளினால் லேபிளில் சொன்னதைவிட நன்றாகவே கூடிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி திறந்திருந்தால் சீக்கிரம் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கரண்டி போடாமல், இறுக்கி மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். வயிறு உப்பினால் பாலின் லாக்டோஸ் (பால் சர்க்கரை) ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நிறுத்திவிட்டுத் தயிருக்கும் முட்டைக்கும் மாறிவிடுங்கள்.